சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிய ஐந்து மாதம்

எங்களுக்குக் கடலில் ஒரு வேலையும் கிடையாது. வாசலில் பைக்கை முறுக்கினால் அரைமணி நேரத்தில் அலை காலடியில் வந்து விழும் தூரம்தான். ஆனாலும் நாங்கள் காட்டு வேலைக்காரர்கள். மேகத்தைப் பார்த்து விதைக்கிறவர்கள். வெளுத்த நெல்லும் சிவந்த மிளகாயும் கண்டவர்கள், நீலத்தோடு பழக்கமில்லை. செத்தவர்களுக்காக மட்டும் மாரியூர்க் கடலுக்குப் போவோம். தை அமாவாசைக்கு, ஆடி அமாவாசைக்கு. எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு ஈர வேட்டியோடு திரும்பிவிடுவோம்.

என் மனைவி இறந்தபிறகு நான் தினமும் கடலுக்குப் போனேன்.

புரட்டாசி கடைசி அது. காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தோம். காலையில் தலை வலிக்கிறது என்றாள். பத்து மணிக்கு வாந்தி எடுத்தாள். பதினோரு மணிக்கு என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தாள். மதுரைக்குப் போன ஆம்புலன்ஸ் பரமக்குடியைத் தாண்டியதும் சத்தத்தை நிறுத்திக்கொண்டது. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நாற்பத்திரண்டு வயது. அடக்கம் பண்ணிய மூன்றாம் நாள் மழை கொட்டியது. விதைத்த அத்தனையும் முளைத்தது. எட்டு வருஷமாக அப்படி ஒரு முளைப்பைப் பார்த்ததில்லை. வரப்பில் நின்று அந்தப் பச்சையைப் பார்த்தேன். இவ்வளவு அநியாயத்தை மண் எப்படிக் கூசாமல் செய்கிறது என்றிருந்தது.

பதினாறாம் நாள் பந்தலைப் பிரித்தார்கள். பதினேழாம் நாள் காலையில் பைக்கை எடுத்தேன்.

எங்கே போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியும். ஏன் போனேன் என்றால் அப்போது தெரியாது. மாரியூரில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்ப்பேன். அங்கிருந்து வாலிநோக்கம். உப்பளத்தில் அம்பாரம் அம்பாரமாக உப்பு, நடுப்பகல் வெயிலில் பார்க்க முடியாத வெள்ளை, அதையும் கண் கூசக் கூசப் பார்ப்பேன். பிறகு ஏர்வாடி. தர்காவுக்கு வந்த குடும்பங்கள் மர நிழலில் பாய் விரித்து, கூட வந்த ஒருவருக்குச் சுகமாக வேண்டும் என்று காத்திருக்கும். அவர்களைக் கண்டு பொறாமைப்பட்டேன். அவர்களுக்குக் காத்திருக்க ஓர் ஆள் இருந்தது. உட்கார்ந்தால் நெஞ்சுக்குள் ஏதோ குடையும், எழுந்தால் கொஞ்சம் அடங்கும், ஓடினால் இன்னும் அடங்கும். அதனால் ஓடினேன். இருட்டுகிற நேரத்துக்கு வீட்டுக்கு வருவேன். மகள் தட்டில் சோறு போட்டு மூடி வைத்திருப்பாள்.

மகள் பத்தாம் வகுப்பு. ஒரே பிள்ளை. அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேராக இருந்தபோது பேச்சு ஓயாது. இரண்டு பேராக ஆனபோது அது பாதியாகக் குறையவில்லை, நின்றே போய்விட்டது.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. “ஆம்பள, நாலு எடம் போயி வந்தாத்தான் மனசு ஆறும்” என்றார்கள். வயலைப் பங்காளி அண்ணன் பார்த்துக்கொண்டார். குறை சொன்ன ஒரே ஆள் மனைவியின் அண்ணன். மதுரையில் பெயின்ட் கடை வைத்திருக்கிறவர். பொங்கல் வைக்காத அந்தப் பொங்கலுக்குப் பார்க்க வந்தார். நான் வந்து சேரும்வரை மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

“மாப்ள, ஒரு முடிவு சொல்றேன். பரீட்ச முடியட்டும். ரிசல்ட்டு வர்ற அன்னிக்கி கார எடுத்துட்டு வாரேன். பாப்பா மதுரையில எங்க வீட்டுல இருந்து படிக்கட்டும். பொம்பளப்புள்ள ஒத்தையில உக்காந்து, போன அய்யா எப்ப வருவாருன்னு வாசலப் பாத்துக்கிட்டுக் கெடக்கு. இது என்ன வீடா, பஸ் ஸ்டாண்டா?”

மகளைப் பார்த்தேன். மாட்டேன் என்று சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை. மாமாவின் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒருத்தியை ஆம்புலன்ஸில் வைத்துப் பறிகொடுத்தேன். இன்னொருத்தியைக் கார் வைத்துக் கூட்டிப்போகப் போகிறார்கள், அவளும் ஏறிக்கொள்வாள். வைகாசி வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. அந்த நேரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன்? மறுநாளும் பைக்கை எடுத்தேன்.

மாசியில் நெஞ்சு வலித்தது. இராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இசிஜி எடுத்த டாக்டர் சின்ன வயசுக்காரர். தாளை நீளமாக இழுத்துப் பார்த்துவிட்டு, “ஹார்ட் நல்லா இருக்கு. வீட்ல யாரும் இறந்தாங்களா?” என்றார். சொன்னேன். “பதினோராம் நம்பர் ரூமுக்குப் போங்க. கவுன்சிலிங். புதன்கிழமை புதன்கிழமை வரணும்.”

ஊருக்கு வந்து பங்காளி அண்ணனிடம் சொன்னதும் அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். “கவுன்சிலிங்கா? ஏலே, ஒம் மகளே இன்னும் பத்தாவது தாண்டல. அதுக்குள்ள நீ எந்த இன்ஜினியரிங் காலேஜுல சேரப்போற?”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கம் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் அதுவரை வந்து சேர்ந்திருக்கவில்லை.

பதினோராம் நம்பர் ரூம் முன்னால் மருந்து வைக்கும் அறையாக இருந்திருக்க வேண்டும். இன்னும் அந்த வாசனை இருந்தது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கிரீச் என்று சுற்றும் மின்விசிறி. அந்த அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், தலையில் கறுப்பு முக்காடு. கீழக்கரைப் பக்கம் ஊர் என்று பிறகு தெரிந்தது. நான் உட்கார்ந்ததும் ஆம்புலன்ஸ் கதையை ஆரம்பித்தேன். துக்கம் விசாரிக்க, துட்டி கேட்க வந்த அத்தனை பேரிடமும் சொல்லிச் சொல்லி, எந்த இடத்தில் மூச்சு விடுவது என்பது வரைக்கும் பழகிப்போன கதை. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“எப்படி இறந்தாங்கன்னு சீட்டுல எழுதியிருக்கு சார். எப்படி இருந்தாங்கன்னு சொல்லுங்க.”

ஐந்து மாதத்தில் அப்படி ஒருத்தரும் கேட்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தேன். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. டிவியில் மழை வரும் என்று செய்தி சொல்கிறவரோடு சண்டை போடுவாள், போன வாரமும் இப்படித்தான் சொன்னீர் என்று. நகைச்சுவை சொல்ல ஆரம்பித்தாலே சிரித்துவிடுவாள், கடைசி வரி யாருக்கும் கேட்காது. கோபம் வந்தால் மட்டும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். பச்சை மாங்காயை உப்பில்லாமல் தின்பாள். நான் பேசிக்கொண்டே இருந்தேன், அந்த அம்மா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நடுவில் நான் சிரித்திருக்கிறேன். சிரித்ததும் பயந்துவிட்டேன். தப்புச் செய்த பிள்ளை மாதிரி அவர் முகத்தைப் பார்த்தேன். “சிரிக்கலாம்” என்றார்.

அழுதால் சரியாகிவிடும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அழுகை வரவில்லை, அது ஒரு குற்றமாகவே உறுத்திக்கொண்டிருந்தது. அதைக் கேட்டேன். “வந்தா அழுங்க. வரலேன்னா பாசம் இல்லேன்னு அர்த்தமில்ல” என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சுமை அந்த மேசை மேலேயே இறங்கிவிட்டது.

இரண்டாவது வாரம் நேராகவே கேட்டார். “செத்துப் போயிரலாம்னு நெனப்பு எதுவும் வருதா?”

“எனக்கா மேடம்? நான் ஊர் ஊராப் போயி டீ குடிக்கிறவன்.”

அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னது உண்மைதான். அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் எழுதிக்கொண்டார்.

மூன்றாவது புதன்கிழமை. பேசி முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கதவு வரைக்கும் வந்துவிட்டேன்.

“அண்ணே, நில்லுங்க.”

சார் அண்ணனாகிவிட்டது. நின்றேன்.

“மூணு வாரமாப் பாக்குறேன். வரும்போது வணக்கம் சொல்லிட்டு வாரீங்க. போகும்போது ஒரு வார்த்த பேசாம எந்திரிச்சுப் போயிர்றீங்க. எம்மேல ஏதும் கோவமா? அடுத்த வாரம் வருவீங்களா மாட்டீங்களான்னு எனக்கு ஒவ்வொரு தடவையும் திக்குன்னு இருக்கு.”

“அய்யய்யோ, கோவமெல்லாம் இல்ல மேடம். துட்டி வீட்டுல ‘போயிட்டு வாரேன்’னு சொல்லக் கூடாதுல்ல. சொன்னா, இன்னொரு தடவ இதே மாதிரி காரியத்துக்கு அங்கன வரணும்னு சொல்ற மாதிரி ஆயிரும். சொல்லிக்காமத்தான் கெளம்பணும்.”

“இது ஆஸ்பத்திரி.”

“சாவப் பத்தித்தானே பேசுறோம். அதான், கால் தன்னால அப்படி எந்திரிக்குது.”

“எங்க பக்கம் மவுத்து வீட்டுலயும் சலாம் சொல்லிட்டுத்தான் கெளம்புவோம்” என்றார். பேனாவை மூடினார். மூடிய பேனாவை மறுபடி திறந்தார். “வீட்லயும் இப்படித்தானா?”

“எந்த வீட்ல?”

“உங்க வீட்ல. காலைல கெளம்பும்போது.”

கதவுப் பிடியில் என் கை இருந்தது. வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு காலையும் வரிசையாக வந்து நின்றது. சட்டை மாட்டுகிறேன். சாவியை எடுக்கிறேன். அடுப்படியில் மகள் நிற்கிறாள். பைக்கை வாசலில் இருந்து உருட்டித் தெருவில் வைத்துத்தான் உதைக்கிறேன், சத்தம் கேட்காமல். ஒரு நாள்கூட, ஐந்து மாதத்தில் ஒரு நாள்கூட, “போயிட்டு வாரேன்” என்று சொன்னதில்லை. அவள் அம்மா இருந்தபோது வாசலைத் தாண்டும்முன் சத்தமாகச் சொல்லுவேன், உள்ளேயிருந்து இரண்டு குரல் பதில் வரும்.

இந்த வழக்கம் வந்து போகிறவர்களுக்கு. வீட்டுக்காரனுக்கு இல்லை. நான் என் வீட்டுக்கே துட்டி கேட்க வந்தவனாக இருந்திருக்கிறேன். தினமும் காலையில் முடித்துக்கொண்டு, சொல்லாமல் கிளம்பியிருக்கிறேன்.

அந்த அம்மா அதை ஊதிப் பெரிதாக்கவில்லை. “மககிட்டக் கேளுங்க. அது என்ன சொன்னாலும் அப்படி இல்லேன்னு மறுக்காதீங்க. முடிக்கிற வரைக்கும் கேளுங்க. அது போதும்” என்றார்.

திரும்பும் வழியில் வாலிநோக்கத்தில் வழக்கமான கடையில் நின்றேன். டீக்காரர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். டம்ளரை நீட்டியவர் கையை எடுக்காமல் நின்றார்.

“ஏண்ணே, ஒரு மாதிரி இருக்கீக. ஒங்க மக இப்பத்தான் போன் பண்ணுச்சு.”

“எந்த மக?”

“ஒங்களுக்கு எத்தன மக? தெனமும் பள்ளிக்கூடம் விட்டதும் பண்ணும். எங்க அய்யா வந்தாரா, டீ குடிச்சாரா, எந்தப் பக்கம் போனாருன்னு கேக்கும். சொல்லிறாதீங்கன்னு சத்தியம் வாங்கியிருக்கு. இன்னிக்கி ஒங்க மூஞ்சியப் பாத்து மனசு கேக்கல, சொல்லிட்டேன்.”

“ஒங்க நம்பர் அதுக்கு எப்படித் தெரியும்?”

கண்ணாடி பாட்டில்களுக்கு மேல் தொங்கிய அட்டையைக் காட்டினார். பணம் அனுப்ப ஸ்கேன் செய்கிற அட்டை. அதற்குக் கீழே பத்து இலக்கத்தில் அவர் நம்பர். நான் பணம் அனுப்பிய கடையெல்லாம் என் செல்போனில் அதே நம்பரோடு வரிசையாக இருக்கிறது, நாளும் நேரமுமாக. நான் தூங்கும்போது அதை எடுத்துப் பார்த்து ஒவ்வொரு கடையின் நம்பரையும் பிடித்திருக்கிறாள். அவள் அம்மாவின் போனில் அவற்றைப் பதிந்து வைத்திருந்ததை அன்று சாயங்காலம் பார்த்தேன். மாரியூர் பெட்டிக்கடை. வாலிநோக்கம் டீ. ஏர்வாடி டீ ஒன்று, ஏர்வாடி டீ இரண்டு.

“சொல்லிட்டாரா? ஓட்ட வாயி” என்றாள் மகள், புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்காமல். அரசாங்கப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. நான் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். நெஞ்சுக்குள் அந்தக் குடைச்சல். எழுந்திரு, எழுந்திரு என்றது. எழவில்லை.

“எதுக்குத்தா எல்லாருக்கும் போன் போடுற?”

நோட்டில் இரண்டு வரி எழுதினாள். அடித்தாள். “அம்மா இருந்தப்ப சொல்லிட்டுப் போவீங்க. இப்பச் சொல்லாமப் போறீங்க. கடல் பக்கமாவே போறீங்க. நான் என்ன நெனைக்க?”

பைத்தியமா நீ, நான் அப்படிச் செய்வேனா என்று நாக்கு நுனிவரை வந்தது. மறுக்காதீங்க என்ற குரல் கேட்டது. அடக்கிக்கொண்டேன். அவள் தொடர்ந்தாள். வகுப்பில் நாலு மணி ஆனதும் வயிறு வலிக்கும் என்றாள். ஏர்வாடிக் கடைக்காரர் “வந்துட்டுப் போனாரும்மா” என்று சொன்னபிறகுதான் வீட்டுப்பாடம் எடுப்பாளாம். ஒரு நாள் நாலு கடையிலும் வரவில்லை என்றார்கள், அன்றைக்கு சாமி ரூமில் போய் உட்கார்ந்திருந்தாளாம். அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. டயர் பஞ்சராகி உப்பளத்தில் நின்றேன்.

முடிக்கிற வரைக்கும் கேட்டேன். முடிந்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன், “எனக்கு அந்த நெனப்பு இல்லத்தா. ஆனா நீ பயந்தது ஞாயம்.”

மறுநாள் காலை வாசலில் நின்றேன். இரண்டே வார்த்தை. செருப்பை மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். “போயிட்டு வாரேன்” என்றேன், யாரையோ கூப்பிடுகிற சத்தத்தில். மகள் பல் விளக்கிக்கொண்டிருந்தாள். வாய் நிறைய நுரையோடு “ம்” என்றாள்.

கவுன்சிலிங் துக்கத்தை எடுத்துப்போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். என் துக்கம் எங்கேயும் போகவில்லை, இதோ பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அது என் வீட்டில் என்னென்ன வேலை பார்க்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. வெளியே இருந்து ஒருத்தர், என்னோடு சேர்ந்து அழாத ஒருத்தர், அதைக் கவனித்துக் கேட்டார். சொந்தக்காரர்களுக்கு அது கைவராது. அவர்களும் அதே மழையில் நனைந்தவர்கள். இதை நான் இப்போது எங்கே போனாலும் கூசாமல் சொல்கிறேன், பெண்டாட்டி செத்தபிறகு சிரிப்பதற்குக்கூட எனக்கு ஓர் ஆளின் உத்தரவு தேவைப்பட்டது என்பதையும் சேர்த்து.

ஓட்டம் ஒரே நாளில் நிற்கவில்லை. வாரத்துக்கு ஆறு நாள் நாலாகி, நாலு ஒன்றானது. போனால் எங்கே, எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன். பங்குனியில் மிளகாய் பழுத்தபோது நான் வயலில் இருந்தேன். பங்காளி அண்ணன் பார்த்துவிட்டு, “சீட்டுக் கெடச்சிருச்சா?” என்றார். கிடைத்துவிட்டது என்றேன்.

ரிசல்ட்டு வந்த அன்று சொன்னபடி கார் வந்தது. மகள் நல்ல மார்க். மச்சான் அல்வாவும் பூவும் கொண்டுவந்தார். தங்கச்சி போட்டோவுக்குப் பூவைச் சாத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“டிசி என்னிக்கி வாங்கலாம் மாப்ள?”

“அதுகிட்டயே கேளுங்க மச்சான்.”

மகள், “ஒரு வாரம் டைம் குடுங்க மாமா” என்றாள்.

“கார எடுத்துட்டு வந்தவன வெறுங்கையோட அனுப்புறியே ஆத்தா!”

“வெறுங்கையோட எதுக்கு?” என்று உள்ளே போய், பத்துக் கிலோ குண்டு மிளகாய் மூட்டையை இழுத்துவந்து அவர் கார் டிக்கியில் வைத்தாள். அவர் மதுரை போய்ச் சேரும்வரை தும்மியிருப்பார்.

அவர் போனபிறகு வெயில் தாழ்ந்தது. களத்தில் காய்ந்த மிளகாயை நானும் அவளும் கூட்டிக் குவித்தோம். குனிந்தபடியே பேச ஆரம்பித்தாள். முதலில் எனக்குக் கேட்கவில்லை.

“...அன்னிக்கிக் காலைல அம்மா தலவலின்னுச்சு. மாத்திர எடுத்துக் குடுடின்னுச்சு. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு. அலமாரிலதானே இருக்கு, நீயே எடுத்துக்கன்னு கத்திட்டுப் போயிட்டேன். அய்யா, அதான் நான் அதுகிட்டக் கடைசியாப் பேசுனது.”

துடைப்பம் நின்றுவிட்டது.

“அந்த அலமாரிய என்னால பாக்க முடியல. அதான் மாமா கூப்புட்டப்ப வேணாம்னு சொல்லல. ஒங்களுக்காக இல்ல.”

தலைக்குள் வெடித்ததற்கும் அந்த மாத்திரைக்கும் சம்பந்தமில்லை, டாக்டரே சொன்னார். அது என் வாயில் தயாராக இருந்தது. உண்மையும்கூட. ஆனால் எட்டு மாதம் ஒருத்தி தனியாகச் சுமந்ததை நான் ஒரு வரியில் தட்டிவிடக் கூடாது. மிளகாய்க் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்தாள். அழுதாள். காரம் ஏறிய கையால் கண்ணைத் துடைக்கப் போனவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான் செய்தேன். ஆகாயம் சாம்பலானபிறகு டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கேட்டாள். நம்பினாளா தெரியாது.

“பதினோராம் நம்பர் ரூமுக்கு வாரியா? புதன்கெழம.”

மூக்கை உறிஞ்சினாள். “நீங்க வெளிய உக்காரணும்.”

“உக்காருறேன்.”

“கதவுல காத வைக்கக் கூடாது.”

புதன்கிழமை வெளியே பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு நேராக அலமாரியைத் திறந்தாள். பழைய மாத்திரைகளை ஒரு பையில் போட்டுக் கட்டினாள். அம்மாவின் தேங்காய் எண்ணெய்ப் புட்டியை மட்டும் எடுத்து இருந்த இடத்திலேயே வைத்தாள்.

வியாழக்கிழமை காலை நான் வாசலில் மிளகாய் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே போனில் பேசுவது கேட்டது.

“மாமா, நான் இங்கனயே படிக்கிறேன்... இல்ல, அவரு ஒண்ணும் சொல்லிக்குடுக்கல. அவரு வெளிய மூட்ட கட்டுறாரு... லீவுக்கு வாரேன் மாமா. அத்தைகிட்டச் சொல்லுங்க, மொளகாயக் கழுவிக் காயவச்சு அரைக்கணும்... பயாலஜிதான்.”

பிறகு ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பதினொன்றாம் வகுப்பு சேர்க்கைப் படிவம், அவள் படித்த அதே பள்ளிக்கூடத்துக்கு. எல்லாம் நிரப்பியிருந்தாள். தாயார் பெயர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரை முத்து முத்தாக எழுதியிருந்தாள். முன்னால் ‘லேட்’ போடவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரியாத்தான் எழுதியிருக்கேன்” என்றாள். “போயி கையக் கழுவிட்டு வந்து கையெழுத்துப் போடுங்க. தாளெல்லாம் மொளகாயாக்கிறாதீங்க.”